சேற்று நிலத்தின் செல்வம்

பங்குனி மாதத்து விடியற்காலை. அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் நீர் வடிந்து சேற்றுத்திட்டுகள் வெளிப்பட்டுக் கிடக்கின்றன. ஒருபுறம் பிரம்மஞான சபைத் தோட்டத்தின் மரங்கள் இருண்டு நிற்கின்றன; மறுபுறம் பட்டினப்பாக்கத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. சேற்றின்மேல் சின்னஞ்சிறு பறவைகள் ஓடி ஓடி இரை பொறுக்குகின்றன. அவை கொசு உள்ளான்கள். ஒவ்வொன்றின் எடையும் ஏறத்தாழ 25 கிராமே. ஆயினும், இன்னும் சில வாரங்களில் அவை இமயத்தையும் கடந்து வடதுருவத்தை அடுத்த குளிர்நாடுகளை அடைந்துவிடும்! அங்கே கோடையில் பகல் நீளும், பூச்சிகள் பெருகும், குஞ்சுகள் வளர்வதற்கு ஏற்ற காலம் அதுவே.

நெடும்பயணத்திற்குக் கட்டுச்சோறு வேண்டும் அன்றோ? பறவைக்குக் கட்டுச்சோறு அதன் உடலில் சேரும் கொழுப்பே ஆகும். அக்கொழுப்பைத் தருவன சேற்றில் வாழும் புழுக்களும் நத்தைகளும் பூச்சிகளும். எனவே, வழியிலுள்ள சதுப்பு நிலம் ஒன்று அழியின், ஊர்வழியில் ஒரு சத்திரம் இடிந்ததற்கு ஒப்பாகும்.

மாலையில் பள்ளிக்கரணையை அடைவோர் வேறொரு காட்சியைக் காண்பர். கருவால் மூக்கன்கள் சாம்பல் நிறம் நீங்கிச் செந்நிறம் பூண்டு நிற்கும். ஊசிவால் வாத்துகள் கூட்டமாக எழுந்து வானை வட்டமிடும். நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் கோரைப்புற்களிடையே உலவும். சில ஆண்டுகளில் பூநாரைகளும் வந்து அணிவகுத்து நிற்கும்.

தமிழர்க்கு இக்காட்சி புதிதன்று. வறுமையுற்ற சத்திமுற்றப் புலவர், குமரிக்குச் சென்று வடதிசை திரும்பும் நாரையைத் தம் மனைவிக்குத் தூது விடுத்தார். பறவைகளின் போக்குவரவை அறிந்தவர்க்கே அத்தகைய கற்பனை தோன்றும். அண்மைக் காலத்தில் மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) பறவைகளையும் விலங்குகளையும் உற்றுநோக்கி எழுதுவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார்.

எனினும், சதுப்பு நிலத்தைப் பயனற்ற நிலம் என்று இகழ்வோர் உளர். ஒருகாலத்தில் மிகப் பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பு, இவ்வெண்ணத்தால் பெரிதும் சுருங்கியது. அதன் ஒரு பக்கத்தில் நகரின் குப்பை மலைபோல் குவிந்தது. மற்றப் பக்கங்களில் சாலைகளும் மாளிகைகளும் எழுந்தன. பெருகிவரும் மக்களுக்கு வீடு வேண்டாவா என்று அவர்கள் வினவுவர். வேண்டும், அதனை மறுப்பார் யார்? ஆனால், நீர் தங்கும் இடத்தில் வீடு கட்டினால், நீர் வீட்டில் தங்கும். தென்சென்னை ஏரிகளின் மிகைநீர் இச்சதுப்பில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து கடலை நோக்கிச் செல்கிறது. மழைநீரைத் தேக்கி மெல்ல விடும் கடற்பஞ்சு போன்றது அது. 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளம் இவ்வுண்மையைத் தென்சென்னை மக்களுக்குத் துன்பத்தின் வாயிலாகக் கற்பித்தது.

நல்ல முயற்சிகளும் நடந்துள்ளன. சதுப்பின் ஒரு பகுதி 2007ஆம் ஆண்டில் காப்புக்காடு ஆயிற்று. சீர்கெட்டுக் கிடந்த அடையாற்று உப்பங்கழியின் ஒரு பகுதி சீர்செய்யப்பட்டு, 2011ஆம் ஆண்டில் பூங்காவாகத் திறக்கப்பெற்றது. 2022ஆம் ஆண்டில் பள்ளிக்கரணை, 1971ஆம் ஆண்டின் ராம்சார் உடன்படிக்கைப்படி உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஆயினும், பட்டியலில் பெயர் ஏறுவதனால் மட்டும் நிலம் பிழைத்துவிடாது. அதன் அருமையை உணர்ந்த மக்களே அதற்கு உண்மையான வேலி ஆவர்.

பங்குனியில் புறப்படும் பறவை ஐப்பசியில் மீண்டும் வரும். வருமிடத்தில் சேறும் நீரும் இருத்தல் வேண்டும். விருந்தோம்பலைத் தலையாய அறமாகப் போற்றும் நாடு, ஆண்டுதோறும் தேடிவரும் இவ்விருந்தினர்க்குக் கதவடைத்தல் தகுமோ? இன்றைய மாணவர் ஒருநாளேனும் அச்சதுப்பின் கரையில் அமைதியாக நின்று நோக்குவாராயின், விடை தாமே அறிவர்.