26-ஆ, 28-ஆ? வாட்ஸ்அப் போஸ்டர் செய்த வேலை!

போன மாதம் என் சித்தி பொண்ணு, டிப்ளமோ சான்றிதழ்களை ஃபைலில் அடுக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்கு பஸ் ஏறினாள். 28-ம் தேதி இன்டர்வியூ என்று வாட்ஸ்அப்பில் போஸ்டர் வந்திருந்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன், ''அது 26-ம்மா. முந்தாநாளே முடிஞ்சுபோச்சு'' என்றார்.

அந்தப் படத்தை எனக்கு அனுப்பினாள். எனக்கும் முதலில் 28 என்றுதான் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் 26!

காரணம், அதிலிருந்த ஃபான்ட். முனையெல்லாம் உருண்டையாக, உள்ளே நிறமே இல்லாமல் ஓரக்கோடு மட்டும் தெரியும் 'அவுட்லைன்' எழுத்து. ஐஸ்க்ரீம் கடை போர்டு, பிறந்தநாள் பேனர்களில் பார்த்திருப்பீர்கள். பெரிய சைஸில் கொள்ளை அழகு.

ஆனால், அவுட்லைனில் ஒவ்வொரு கோடும் இரண்டு கோடாகிவிடும். 6-ன் மேல் வளைவுக்கும் கீழ் வட்டத்துக்கும் நடுவே இருப்பதே கொஞ்சம் இடம்தான். நாலு குரூப் தாண்டி, படம் சுருங்கி மங்கி வரும்போது அந்த இடமும் அடைபட்டால், 6 எட்டாகிவிடுகிறது.

தமிழுக்கு இன்னும் சிரமம். ட, ப போல நேர்கோட்டில் நிற்பவை தப்பித்துவிடும். 'ஸ்ரீபெரும்புதூர்' என்று அவுட்லைனில் சின்னதாக அடித்துப் பாருங்கள். 'ஸ்ரீ'யின் வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 'ம்', 'ர்' தலையில் இருக்கும் புள்ளி குட்டி வளையமாகிவிடும்.

உருண்டை எழுத்தின் மேல் தப்பில்லை. கார் கம்பெனிகளுக்கு அது பழைய சொந்தம். 1970-களின் கடைசியில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனுக்காக உருவானதுதான் 'வி.ஏ.ஜி. ரவுண்டட்' என்ற புகழ்பெற்ற ஃபான்ட். பின்னாளில் ஆப்பிள் லேப்டாப்களின் கீபோர்டிலும் பல வருடங்கள் இருந்தது. சின்ன பட்டன் மேலும் அது பளிச்சென்று தெரிந்ததற்குக் காரணம், கோடு நிறைந்து இருந்ததுதான்.

தமிழிலும் அப்படி ஒன்று இருக்கிறது. மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய 'பலூ தம்பி 2', கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். சாதாரண அளவிலிருந்து நல்ல தடிமன் வரை ஐந்து அளவுகளில் கிடைக்கிறது.

போஸ்டர் போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'வேலைவாய்ப்பு' என்ற தலைப்பை எப்படி வேண்டுமானாலும் அலங்கரியுங்கள். தேதி, நேரம், போன் நம்பர் மூன்றையும் நிறம் நிறைந்த சாதாரண எழுத்தில் போடுங்கள். தேதியோடு கிழமையையும் சேர்த்தால் இன்னும் நல்லது. வெளியிடும் முன், உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, படத்தைத் திறக்காமல் சாட்டிலேயே படித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாதது மற்றவர்களுக்கும் தெரியாது.

சித்தி பொண்ணுக்கு இந்த வாரம் இன்னொரு போஸ்டர் வந்திருக்கிறது. தேதி பளிச்சென்று இருக்கிறது. ஆனாலும் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் ஃபைலைக் கையில் எடுத்தாள்!