கிணற்றுக்கு மருந்து: அளவும் மணமும்



மார்கழி மழை ஓய்ந்து வாவி நீர் இறங்கத் தொடங்கியதும் எங்கள் பகுதியில் வயிற்றோட்டம் தலைகாட்டும். 2011 ஜனவரி வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வெள்ளத்தில் மூழ்கின. வெள்ளம் போன பிறகு தண்ணீர் தெளிந்துவிடுகிறது. தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று நம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது.

பல வீடுகளுக்கு இப்போது குழாய்நீர் வந்திருந்தாலும் கிணற்றை நம்பியிருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. பெண்ணே தலைவியாக இருக்கும் வீடுகளில், பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் அன்றைய கூலியும் போகும், ஆசுபத்திரிக்குப் போக ஓட்டோக் காசும் தேடவேண்டும். அதனால்தான் இம்மாதம் குளோரின் தூளைப் பற்றி எழுதுகிறேன்.

இதைப் பற்றிப் பேசப் போனால் முதலில் கேட்கும் பதில் "நாத்தம்" என்பதுதான். படுவான்கரையில் ஒரு பெரியம்மா சொன்னார்: "புள்ள, அந்த மணம் வந்தா எனக்குக் காம்ப் ஞாபகம் வருது. பவுசர் தண்ணிக்கு வரிசையில நிண்டதெல்லாம் வருது. சோறும் இறங்குதில்ல." 2006, 2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இதை அறியாமை என்று தள்ளிவிடும் உத்தியோகத்தர்களும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. மணம் ஞாபகத்தைக் கொண்டுவரும், அது யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் மணத்துக்கு வழி இருக்கிறது. முதல்நாள் மாலை அள்ளிய தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் மெல்லிய துணியால் மூடி இரவு முழுக்க வையுங்கள். மணம் பெரும்பாலும் போய்விடும். அளவாகப் போட்டால் மணமும் குறைவுதான். கடுமையாக மணக்கும் கிணறுகளில் பெரும்பாலும் கண்மட்டத்துக்கு அள்ளிக் கொட்டியிருப்பார்கள்.

சரி, அளவு எப்படிப் பார்ப்பது? கிணற்றின் குறுக்களவை மீற்றரில் அளந்து அதையே அதனால் பெருக்குங்கள். பிறகு தண்ணீரின் ஆழத்தாலும் 785ஆலும் பெருக்கினால் லீற்றர் வரும். 1.2 மீற்றர் அகலமான கிணற்றில் 1.5 மீற்றர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 1700 லீற்றர். கணக்கு வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள், சந்தோசமாகச் செய்யும்.

நாளாந்தப் பாவனைக் கிணற்றுக்கு 1000 லீற்றருக்கு 2.5 கிராம் தூள் போதும். இது 33 வீதம் குளோரின் உள்ள புதுத் தூளுக்கான கணக்கு. பைக்கற்றில் வீதம் கூடுதலாக இருந்தால் தூளைக் குறைக்கவேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு முதல்முறை 1000 லீற்றருக்கு 60 கிராம் வேண்டும். எங்கள் உதாரணக் கிணற்றுக்கு அது 100 கிராம் அளவில் வரும்.

தூளை நேரே கிணற்றில் கொட்டாதீர்கள். பிளாஸ்ரிக் வாளித் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேல்தெளிவை மட்டும் கிணற்றுக்குள் ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். கழிவறை கழுவும் அசிட்டோடு இந்தத் தூளைச் சேர்க்கவே கூடாது. நச்சுவாயு கிளம்பும்.

மாலையில், கடைசி வாளி அள்ளிய பிறகு போடுவது நல்லது. குளோரின் முதலில் அழுக்கோடு சண்டை பிடித்துத் தீரும். மிஞ்சுவதுதான் எங்களைக் காக்கும். அதனால்தான் கலங்கல் தண்ணீரில் எவ்வளவு போட்டாலும் நிற்பதில்லை, சேற்றை முதலில் எடுக்கவேண்டும். அரை மணித்தியாலம் கழித்து ஒரு லீற்றரில் 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்கவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அதைப் பார்க்கும் சிறு கருவி இருக்கும். மருந்தைப் போட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பாகும், நிறத்தை வைத்து அளவு சொல்வார்கள். எங்கள் கிணற்றையும் பாருங்கள் ஐயா என்று கேட்பது உங்கள் உரிமை. வெள்ளக் கிணற்றில் அதற்கு மேல் மிஞ்சியிருந்தால் குறையும்வரை குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள்.

கிணறு ஊறிக்கொண்டே இருப்பதால் நேற்றுப் போட்டது நாளைக்கு நிற்காது. ஊரில் வயிற்றோட்டம் பரவும் நாட்களில் திரும்பத் திரும்பப் போடத்தான் வேண்டும். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் தண்ணீரை எப்படியும் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள்.

கல்லடி, நாவலடி போன்ற கரையோரச் சகோதரிகளுக்கு ஒன்று தனியாகச் சொல்லவேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லியதாக மிதக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு மோட்டர் வைத்து ஒட்ட இறைத்த கிணறுகளில் கீழிருந்த உப்பு மேலே ஏறியது. உப்பைப் போக்கியது மழைதான். குளோரினுக்கு உப்பை எடுக்கும் சக்தி இல்லை. ஆகவே சேற்றுத் தண்ணீரை வாளியால், ஆறுதலாக இறைத்தால் போதும்.

மிஞ்சிய தூளை இறுக மூடிய பிளாஸ்ரிக் போத்தலில், வெயிலும் ஈரமும் படாமல், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எங்கள் ஈரக் காற்றில் திறந்து கிடந்தால் சில வாரங்களிலேயே வீரியம் குறையும். பிறகு அளவாகப் போட்டும் பயன் இராது.