மலையேறும் கேம்பர்... கொதிக்கும் கியர்பாக்ஸ்!

அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ‘கோடை விடுமுறைக்கு அப்பா, அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, எஸ்யூவி பின்னால் கேம்பரை மாட்டி, ராக்கி மலைப் பக்கம் போகலாம் என்றிருக்கிறோம். கியர்பாக்ஸ் சூடாகிவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். நிஜமா?’

நிஜம்தான். கேம்பர் என்பது சக்கரம் வைத்த சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் அதற்குள் இருக்கும். அதை இழுத்துக்கொண்டு மலையேறுவது இன்ஜினைவிட கியர்பாக்ஸுக்குத்தான் பெரிய சோதனை.

ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் பெடல் கிடையாது. அந்த வேலையை ‘டார்க் கன்வெர்ட்டர்’ செய்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றிலேயே மற்றதும் சுழலும் இல்லையா? அதே கதைதான், காற்றுக்குப் பதில் ஆயில். சுமை ஏறினால் இரண்டாவது விசிறி பின்தங்கும். நடுவில் மாட்டிய ஆயில் கடைபட்டுச் சூடாகும். சமதளத்தில் சீராகப் போகும்போது ஒரு கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடுவதால் சூடு இல்லை. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பூட்டு விடுபடும். மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் வண்டி அல்லாடும்.

டென்வர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஐ-70 சாலையில் மேற்கே 100 கிலோமீட்டருக்குள் வரும் ஐசனோவர் சுரங்கம் 3,400 மீட்டரில்! அங்கே காற்று மெலிந்து, டர்போ இல்லாத இன்ஜின் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும். நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், ஆயில் இன்னும் கொதிக்கும்.

அதனால் ஏற்றம் தொடங்கும் முன்பே ‘டோ/ஹால்’ பட்டனைத் தட்டிவிடுங்கள். அது இல்லாத வண்டியில் கையால் கீழ் கியருக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்து ஏறுங்கள். இன்ஜின் 4,000 ஆர்பிஎம்மில் உறுமும், பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள். பரவாயில்லை. சத்தமில்லாமல் மேல் கியரில் திணறுவதுதான் ஆபத்து. இறங்கும்போதும் கீழ் கியர்தான்; பிரேக் பிழைக்கும்.

டேஷ்போர்டில் உள்ள டெம்பரேச்சர் முள்ளை நம்பாதீர்கள். அது காட்டுவது இன்ஜின் கூலன்ட்டின் சூட்டை. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி போர்ட்டில் ஒரு சின்ன புளூடூத் கருவியைச் செருகினால், பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு போனிலேயே தெரியும். போனை அப்பா கையில் கொடுத்துவிடுங்கள், அவருக்கும் பொழுது போகும். 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை கவலையில்லை. 120-ஐ நெருங்கினால் ஓரங்கட்ட இடம் தேடுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு.

நிறுத்தியதும் இன்ஜினை அணைக்க வேண்டாம். ‘பி’-யில் போட்டு ஐடிலில் ஓடவிட்டால்தான் பம்ப் சுழன்று ஆயில் கூலருக்குப் போய் வரும்.

கிளம்பும் முன் எடையைப் பாருங்கள். கம்பெனி சொல்லும் இழுவைத் திறன், பெரும்பாலும் ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் மட்டும் இருப்பதாக வைத்துச் சொல்வது. நீங்களோ குறைந்தது ஐந்து பேர். கேம்பர் விளம்பரத்தில் போடும் எடையில் தண்ணீர் சேராது. 150 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் 150 கிலோ கூடுதல். தண்ணீரை கேம்ப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்களில் எடை மேடை உண்டு, ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். ஒரே மாடலிலேயே திறன் மாறும்: மூன்றாம் தலைமுறை ஹோண்டா பைலட்டில் டூ வீல் டிரைவுக்குச் சுமார் 1,590 கிலோ, ஆல் வீல் டிரைவுக்கு 2,270. உங்கள் வண்டியில் டோவிங் பேக்கேஜ் இல்லையென்றால், ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலர் பொருத்திவிடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேம்ப்பில் இன்னொரு கண்டம் இருக்கிறது. மேடான இடத்தில் கேம்பரை அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுக்கும்போது கன்வெர்ட்டர் பூட்டவே பூட்டாது. நெடுஞ்சாலையில் ஏறாத சூடு பத்து நிமிடத்தில் ஏறிவிடும். பாதியில் ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். ஊர் திரும்பியதும் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். பழுப்பேறி, தீய்ந்த வாடை அடித்தால் உடனே மாற்றிவிடுங்கள்.