பட்டியலில் பெயர் வந்தால் போதுமா? பல்கலைக்கழகச் சாதனைகளை எடைபோடுவது எப்படி?

தெலுக் பங்லிமா காராங் - ஒவ்வோர் ஆண்டும் ஒரு செய்தி மலேசியப் பல்கலைக்கழகங்களின் முகநூல் பக்கங்களில் தவறாமல் இடம்பெறுகிறது. உலகின் முதல் 2 விழுக்காட்டு அறிவியலாளர்கள் பட்டியலில் தங்கள் பேராசிரியர்கள் இத்தனை பேர் இடம்பெற்றுள்ளனர் என்பதே அச்செய்தி. அதில் இந்தியப் பெயர் ஒன்று இருந்துவிட்டால் கிள்ளான் முதல் பந்திங் வரை புலனக் குழுக்களில் வாழ்த்துகள் குவிகின்றன. மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அந்தப் பட்டியல் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதைச் சமுதாயம் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில், இது விருது அல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் இயோனிடிஸ் தலைமையிலான குழு, எல்செவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் தரவுத்தளத்தைக் கொண்டு தயாரிக்கும் கணக்கெடுப்பு. 2019 முதல் வெளிவருகிறது. ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினர், அவர் தனி ஆசிரியராகவோ முதல் ஆசிரியராகவோ எழுதியவை எவை என்பன போன்ற ஆறு அளவீடுகள் சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன. வாழ்நாள் பணிக்கு ஒரு பட்டியல், ஓராண்டுப் பணிக்கு மற்றொரு பட்டியல் என இரண்டு உண்டு. இரண்டும் ஒன்றல்ல. வாழ்த்துச் செய்தி எழுதுவோர் இந்த வேறுபாட்டைக் குறிப்பிடுவது அரிது.

*பல்கலைக்கழகங்களுக்கு ஏன் அக்கறை?*

இதற்குத் தரவரிசையே காரணம். கியூஎஸ் உலகத் தரவரிசையில் மலாயாப் பல்கலைக்கழகம் 2024 பதிப்பில் 65ஆவது இடத்திலும் 2025 பதிப்பில் 60ஆவது இடத்திலும் இருந்தது. அந்த மதிப்பீட்டில் 20 விழுக்காடு, ஆசிரியர்களின் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களைப் பொறுத்தது. ஆகவே மேற்கோள் அதிகம் பெறும் விரிவுரையாளரைப் பல்கலைக்கழகம் கொண்டாடுகிறது. பதவி உயர்வின்போதும் ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்களில் பதிவான கட்டுரைகளுக்கு முக்கிய இடம் உண்டு.

மருத்துவம், பொறியியல், வேதியியல் துறைகளுக்கு இந்த அளவுகோல் ஓரளவு பொருந்தும். தமிழில் எழுதப்படும் ஆய்வுக்கோ அது பொருந்தாது. தமிழ் ஆய்விதழ்கள் பெரும்பாலும் அந்தத் தரவுத்தளங்களில் இல்லை. ஒரு விரிவுரையாளர் பல ஆண்டுகள் உழைத்துத் தோட்டத் தமிழர்களின் வாய்மொழி வரலாற்றைத் தமிழில் தொகுத்தால், அந்தக் கணக்கில் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய சுழியம்தான்.

*பட்டியல் இல்லாத காலத்துச் சாதனைகள்*

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும். 1956இல் அத்துறை தொடங்கப்பட்டபோது, முதன்மை மொழி சமஸ்கிருதமா தமிழா என்ற வாதம் எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்ற நிதியைத் தொடங்கினார். சாதாரண மக்களிடம் திரட்டிய அந்தப் பணம் துறையின் தமிழ் நூல்களுக்காகச் செலவானது. அந்தத் துறையில் சமுதாயத்தின் உழைப்பும் கலந்திருக்கிறது என்று சொல்வது மிகையல்ல.

1961 முதல் 1969 வரை அங்குத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளார், 1964இல் புதுடில்லியில் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 2023 ஜூலையில் 11ஆவது மாநாடும் அதே மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அத்துறையைச் சேர்ந்த இராம சுப்பையா 1969இல் வெளியிட்ட "தமிழ் மலேசியானா" என்ற நூற்பட்டியல், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் தொகுத்துத் தந்தது. மலாயாப் பல்கலைக்கழக நூலகம் அதை வெளியிட்டது. நூலகப் பணி, பட்டியலிடும் பணி என்று எளிதாகத் தள்ளிவிடக்கூடிய இவ்வேலை இல்லாதிருந்தால் பிற்கால ஆய்வாளர்கள் எங்கிருந்து தொடங்குவது?

பேராசிரியர்களைப் பாராட்டும்போது நூலகர், ஆய்வுக்கூட உதவியாளர், பதிவக ஊழியர் ஆகியோரை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர்களிலும் தமிழர்கள் உண்டு. அவர்கள் பெயர் எந்த மேற்கோள் பட்டியலிலும் வராது.

*இவ்வட்டாரத்திற்கு என்ன தொடர்பு?*

தெலுக் பங்லிமா காராங் தடையற்ற தொழில் வட்டாரத்தைக் கொண்ட ஊர். ஒருபுறம் தொழிற்சாலைகள், மறுபுறம் கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு மாறிய குடும்பங்கள் பல. இவர்களின் வாழ்க்கையோடு நேரடித் தொடர்புள்ள ஆய்வுகள் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் இராஜா இராசையா, மலேசியத் தொழில்மயமாக்கலில் வெளிநாட்டு முதலீட்டின் பங்கை ஆராய்ந்தவர். 2014இல் உலக அறிவியல் கழகத்தின் செல்சோ ஃபுர்ட்டாடோ பரிசைப் பெற்றார். அந்நிய நிறுவனம் தொழில்நுட்பத்தை உள்ளூருக்குத் தருகிறதா, மலிவான உழைப்பை மட்டும் பயன்படுத்துகிறதா என்ற கேள்வி இவ்வூர்த் தொழிலாளியின் சம்பளச் சீட்டோடு சம்பந்தப்பட்டது. ஆனால் அத்தகைய ஆய்வுகள் ஆங்கிலத்திலேயே தங்கிவிடுகின்றன. தமிழில் எளிமையாக எடுத்துச் சொல்வோர் மிகக் குறைவு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இன்று பட்டியலில் இருப்பவர்கள் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழகத்தில் நுழைந்தவர்கள். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து யார் பெயர் வரும் என்பது இன்றைய எஸ்பிஎம் மாணவர்களின் கையில் உள்ளது. 10 ஏ-வும் அதற்கு மேலும் பெறும் மாணவர்கள் அனைவருக்கும் இனப் பாகுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது வரவேற்கத்தக்கது. எட்டு ஏ, ஒன்பது ஏ பெறும் மாணவருக்கு எஸ்டிபிஎம் வழியும் உண்டு என்பதை எத்தனை பெற்றோர் அறிவர்? முதுகலை, முனைவர் படிப்பு என்று வரும்போது, குடும்பச் சுமைக்காக வேலைக்குச் செல்லும் பிள்ளைகளே இவ்வட்டாரத்தில் அதிகம்.

ஆகவே பொன்னாடையும் நினைவுப் பரிசும் வழங்குவதோடு பாராட்டு முடிந்துவிடக் கூடாது. கோலலங்காட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு விரிவுரையாளரையும் ஓர் ஆய்வுக்கூட ஊழியரையும் அழைத்து, தங்கள் வேலை என்ன, அதற்கு எந்தப் பாடம் படிக்க வேண்டும், உபகாரச் சம்பளம் எங்கே கிடைக்கும் என்பதை மாணவர்களிடம் தமிழில் பேசச் சொல்லலாம். இதற்குப் பெரிய செலவில்லை. மலாயாப் பல்கலைக்கழகம் இங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான்.

அடுத்த முறை வாழ்த்துச் செய்தியைப் பகிர்வோர், அந்தப் பேராசிரியர் எதை ஆராய்ந்தார் என்ற ஒரு வரியையும் சேர்த்துப் பகிர்ந்தால், அதைப் படிக்கும் மாணவர் ஒருவருக்காவது அது வழிகாட்டியாக அமையும்.