ஒரு மருவும் ஒன்பது டாக்டர்களும்

தாடையில் மிளகு சைஸில் ஒரு மரு. தாம்பரம் - பீச் லோக்கலில் அதைப் பார்த்தவரெல்லாம் டாக்டர்!

"பூண்டை நசுக்கிக் கட்டுங்க" என்றார் குரோம்பேட்டையில் ஏறியவர். "அம்மான் பச்சரிசிப் பால்தான் ஸார் கண்கண்ட மருந்து" என்றார் பல்லாவரத்துக்காரர். "சுண்ணாம்பும் வாஷிங் சோடாவும்" என்றார் மீனம்பாக்கம். தடவினேன். தோல் வெந்தது, மரு சௌக்கியமாக இருந்தது.

அம்மா, வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் முடிந்து வைத்தாள்.

நான் பாட்டுக்கு அதன் மேலேயே ஷேவ் செய்து கொண்டிருந்தேன். ஒன்று ஐந்தாயிற்று. கூட்டுவட்டி என்றால் என்னவென்று இந்த பி.காமுக்கு அன்றுதான் புரிந்தது!

அதோடு போயிற்றா? என் டவலிலேயே முகம் துடைக்கும் நாலு வயசு மகளின் விரலில் ஒரு குட்டி மரு. அப்பா சேர்த்து வைத்த சொத்து! அன்றைக்கே தோல் டாக்டரிடம் ஓடினேன்.

"இது வைரஸ், ஸார். ரேஸரால் நீங்களே நாற்று நட்டிருக்கீங்க. மரு மேலே ஷேவிங் கூடாது. டவல் தனி. முகத்தில் கண்ட ஆசிட்டும் தடவாதீங்க. குழந்தையுடையது பெரும்பாலும் தானே போயிடும்."

என்னுடையதை உறைய வைத்து எடுத்தார். மகளுக்கு ஒன்றுமே செய்யவில்லை. பத்தாம் மாதம் மரு தானாகக் காணோம்!

அப்போதுதான் உறைத்தது. மரு கிளம்புகிற நேரத்தில் யார் வைத்தியம் சொன்னாரோ, பேர் அவருக்கு!

மூலிகைதான் வேண்டுமா? தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே இறங்கிக் கேளுங்கள். ரயிலுக்குள் கேட்காதீர்கள்!