கட்டுப்படியாகும் வீடு யாருக்கு?

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியில் சவுத் ஹாம்ஸ் என்றொரு மாவட்டம் உண்டு. பசும்புல் மேடுகளும், ஆற்று முகத்துவாரங்களும், சால்கம், டார்ட்மவுத் போன்ற சிறு துறைமுக ஊர்களுமாகப் பார்ப்போர் மனதைக் கவரும் இடம். இம்மாவட்ட மன்றம் 2021 செப்டம்பரில் வீட்டு வசதி நெருக்கடியை அறிவித்தது. வளமான நாடொன்றின் அழகிய மூலையில் ஏன் இப்படியோர் அறிவிப்பு என நாம் கேட்கலாம்.

அங்கே வீடுகள் இருக்கின்றன. பல வீடுகளில் ஆண்டின் பெரும்பகுதி ஆள்தான் இல்லை. வசதி படைத்தோர் வாங்கிப்போட்ட இரண்டாம் வீடுகள் அவை. பெருந்தொற்றுக் காலத்தில் நகரத்தார் கடலோரத்தைத் தேடி வந்தனர். வீடு வாங்குவோருக்கான முத்திரை வரியை 2020 ஜூலையில் அரசு தற்காலிகமாகக் குறைத்ததும் விலையேற்றத்திற்குத் துணைபோயிற்று. விடுமுறைக்கு வருவோர் தரும் பணம் அதிகம் என்று கண்ட வீட்டு உரிமையாளர் பலர், வாடகைக்கு இருந்த குடும்பங்களை வெளியேறச் சொன்னார்கள்.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பிரித்தானியாவில் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டாக உயர்ந்தது. வாரம் 37.5 மணி நேரம் உழைப்பவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 23,800 பவுண்டு. வங்கிகள் பொதுவாக ஆண்டு வருமானத்தைப் போல் நாலரை மடங்கு வரை கடன் தரும். கணவனும் மனைவியும் இப்படி உழைத்தாலும் 2,14,000 பவுண்டுதான் கடன் கிடைக்கும். சால்கமிலோ 2022ஆம் ஆண்டின் சராசரி வீட்டு விலை 12 லட்சம் பவுண்டைத் தாண்டியதாக ஹாலிஃபாக்ஸ் வங்கி கணக்கிட்டது.

இந்த ஊரில் உயிர்காப்புப் படகு நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் மாலுமிகள் தன்னார்வலர்கள். அழைப்பு வந்த சில நிமிடங்களில் ஓடிவர வேண்டியவர்கள். இருபது மைல் தள்ளித்தான் வீடு கிடைக்கும் என்றால் அவர்கள் எப்படி ஓடிவருவார்கள்? முதியோரைப் பராமரிப்பவர், உணவக ஊழியர், பேருந்து ஓட்டுநர் ஆகியோர் நிலையும் இதுவே.

'கட்டுப்படியாகும் வீடுகள் கட்டுகிறோமே' என்று பதில் வரும். இந்தச் சொல்லை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். 2011இல் கொண்டுவரப்பட்ட 'கட்டுப்படியாகும் வாடகை' சந்தை வாடகையில் 80 விழுக்காடு வரை இருக்கலாம். அதாவது, அளவுகோல் சந்தை. அந்தச் சந்தையை ஏற்றிவிடுவதோ வெளியூர்ப் பணம். பழைய சமூக வாடகை முறை வட்டார ஊதியத்தையும் கணக்கில் கொள்கிறது. ஆனால் 1980ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்போருக்கே மன்ற வீடுகளை விற்க வழி திறந்ததால், அத்தகைய வீடுகள் அருகிப்போயின. ஊதியத்தைப் பாராமல் ஒரு வாடகையைக் கட்டுப்படியாகும் என்று அழைப்பது சொல்லை ஏமாற்றும் வேலை என்றே நமக்குப் படுகிறது.

இரண்டாம் வீடுகளுக்கு மன்ற வரியை இருமடங்காக்க 2025 ஏப்ரல் முதல் மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. எனினும், ஆண்டுக்கு 70 நாள் விடுமுறை வாடகைக்கு விட்டு, 140 நாள் அதற்குத் தயாராகவும் வைத்திருந்தால் அவ்வீடு வணிகமாகக் கருதப்படும். சிறு வணிகச் சலுகையால் பலர் வரியே கட்டாமல் தப்பிவிடலாம். அண்டையிலுள்ள கார்ன்வாலில், செயின்ட் ஐவ்ஸ் மக்கள் 2016 மே மாதம், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே என்று 80 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளால் தீர்மானித்தார்கள். வாங்குவோர் பார்வை பழைய வீடுகள்மேல் திரும்பியது. புதுக்கட்டுமானமும் தளர்ந்தது என்று பின்னர் வந்த ஆய்வு கூறுகிறது.

கிராமத்து எல்லையை ஒட்டிய, வழக்கமாக அனுமதி கிடைக்காத நிலத்தில், உள்ளூர்க்காரருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு சில வீடுகள் கட்டும் வழியும் உண்டு. நிபந்தனை தலைமுறை கடந்தும் நிற்கும். நிலத்தின் விலையும் வயல் விலையை ஒட்டியே இருக்கும். நிலச் சொந்தக்காரர் ஒருவர் மனம் வைத்தால்தான் இது நடக்கும். ஒரு தடவைக்கு ஒரு சில வீடுகள்தான் எழும்பும்.