பிணத்துக்கு நிதி உண்டு, பிழைத்தவனுக்கு இல்லையா?



நம் சங்கத்தில் ஒரு நிதி இருக்கிறது. பிழைக்க வந்த இடத்தில் நம்மவர் ஒருவர் இறந்துபோனால், உடலை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான நிதி அது. எந்தக் குடும்பமும் கைநீட்டிக் கேட்க வேண்டியதில்லை. செய்தி வந்த அன்று மாலையே தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் உண்டியல் குலுங்கும். வண்டி பேசி முடித்துவிடுவோம். ஊர் வரைக்கும் இரண்டு பேர் துணைக்குப் போவார்கள். இதில் நமக்குப் பெருமை உண்டு. பெருமைப்பட வேண்டிய காரியம்தான்.

ஆனால் கேட்கிறோம்: விழுந்தவன் சாகாமல் பிழைத்துக்கொண்டால்? அவனுக்குக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

நான்கு சாத்துக்குடி, ஒரு ரொட்டிப் பொட்டலம், ஒரு மாலை நேரத்து விசாரிப்பு. அவ்வளவுதான்!

நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். நாற்பது வயது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். மூன்றாவது மாடி உயரத்தில் சாரத்தில் நின்று வேலை செய்தபோது மூங்கில் கட்டு அவிழ்ந்து கீழே விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவை செய்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். அந்த டாக்டர்களையும் நர்சுகளையும் நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஒரே கட்டிலுக்கு மூன்று பேர் காத்துக் கிடக்கும் இடத்தில் அவர்கள் செய்தது பெரிய காரியம்.

இருபத்தெட்டாம் நாள் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். சீட்டில் கடைசி வரி: 'பிசியோதெரபி தொடரவும்.' எங்கே தொடர்வது, யார் செய்வது, யார் காசு கொடுப்பது? சீட்டில் இல்லை!

அவர் குடியிருப்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதுவும் மேல்தளம், ஏறுவதற்கு இரும்பு ஏணி. போர்வையில் கிடத்தி நான்கு பேர் தூக்கி ஏற்றினோம். இறங்கி வந்தோம். அதோடு நம் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டோம்.

அவர் மனைவி மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர். மூன்றையும் விட்டார். ஒன்பதாம் வகுப்பில் படித்த மூத்த பெண் பள்ளிக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். மூன்றாவது வாரம் அவருக்கு இடுப்பில் படுக்கைப் புண் வந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு வலி தெரியுமா? புண் எலும்பைத் தொட்ட பிறகுதான் நாற்றத்தால் தெரிந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் நாற்பது நாள்.

அப்போதுதான் நாங்கள் இரண்டாம் முறை பார்க்கப் போனோம். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, அவுக அன்னைக்கே போய்ச் சேந்திருந்தா நீங்க எல்லாரும் வந்திருப்பிய. உசுரோட இருக்காவல்லா, அதான் ஒருத்தரையும் காணல."

எங்களிடம் பதில் இல்லை. தலை குனிந்து நின்றோம்.

ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்ததா?

முதுகெலும்பு முறிந்து கால் விழுந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எலும்புக்கும் பாய்க்கும் நடுவே நசுங்கும் சதைக்கு இரத்தம் போகாது. சதை செத்துப் புண்ணாகும். ஆகவே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை புரட்ட வேண்டும். அதில் நான்கைந்து தடவை நடுராத்திரியில். மூட்டுகள் இறுகிப் போகாமல் தினமும் கை கால்களை மடக்கி நீட்ட வேண்டும். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாள வேண்டும். தவறினால் சிறுநீரகம் வரை நோய் ஏறும். இது நாட்கணக்கில் முடியும் வேலையன்று, மாதக்கணக்கு, ஆண்டுக்கணக்கு.

சர்க்கார் என்ன செய்கிறது? 2018 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் தொடங்கினார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. நல்லது, அட்டை வாங்காதவர்கள் உடனே வாங்குங்கள். ஆனால் ஆஸ்பத்திரியை விட்டு வந்த பின் மருந்துக்கும் பரிசோதனைக்கும் அது எத்தனை நாள் கணக்கு வைத்திருக்கிறது தெரியுமா? 15 நாள்! முதுகெலும்பு முறிந்தவன் பதினாறாம் நாள் எழுந்து சாரத்தில் ஏறிவிடுவானா?

எங்களில் சிலர் ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிறோம். ஆகவே ஒளிக்காமல் சொல்கிறோம். மத்திய அரசு ஊழியர் பணியில் காயம் பட்டால், ஆஸ்பத்திரியில் இருக்கும் காலம் முழுவதும் சம்பளம் உண்டு; வீடு திரும்பிய பின்னும் ஆறு மாதம் முழுச் சம்பளம், அதற்கு மேல் ஓராண்டு அரைச் சம்பளம். ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பின் வந்த விடுப்பு விதி இது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. உடம்பு தேற மாதக்கணக்கு ஆகும் என்பது சர்க்காருக்குத் தெரியாமல் இல்லை! தன் ஊழியனுக்கு என்றால் தெரிகிறது. அதே தண்டவாளத்தின் ஓரத்தில் கண்டிராக்டரிடம் மண் சுமப்பவனுக்கு என்றால் மறந்துபோகிறது. அவன் முதுகெலும்பு என்ன வேறு எலும்பா?

கண்டிராக்டரின் பத்தாயிரம்

நம் தோழர் விழுந்த மறுநாள் கண்டிராக்டரின் ஆள் ஒருவன் வந்தான். பத்தாயிரம் ரூபாயைக் கொடுத்து, 'இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று எழுதிய காகிதத்தில் கைரேகை வாங்கிப் போனான். "ஊருக்குக் கூட்டிப் போய்விடுங்கள், டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன்" என்றும் சொன்னான். எவ்வளவு இரக்கம் பாருங்கள்!

தோழர்களே, அந்தக் காகிதம் செல்லாது. உழைப்பாளி தன் இழப்பீட்டு உரிமையை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே சொல்லியிருந்தது. அந்தச் சட்டம் 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியது, உரிமை போய்விடவில்லை.

இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் வேலை செய்தவர், உழைக்கும் திறனை நிரந்தரமாக முழுதும் இழந்துவிட்டார் என்று மருத்துவச் சான்று இருந்தால், மாதக் கூலியில் 60 சதவீதத்தை வயதுக்குரிய எண்ணால் பெருக்கித் தர வேண்டும். நாற்பது வயதுக்கு அந்த எண் 184.17. மாதக் கூலி 15,000 ரூபாய் என்று வைத்தாலும் 16 லட்சத்து 57 ஆயிரத்து 530 ரூபாய் வருகிறது. கண்டிராக்டர் கொடுத்தது பத்தாயிரம்! கண்டிராக்டர் ஓடிவிட்டால் வேலையைக் கொடுத்த முதலாளியிடம் கேட்கலாம்.

இதனால்தான் ஊருக்கு அனுப்பத் துடிக்கிறார்கள். சாட்சிகள் இங்கே, கட்டடம் இங்கே, ஆஸ்பத்திரிக் கணக்கு இங்கே. ஆள் மட்டும் திருநெல்வேலிக்குப் போய்விட்டால் வழக்கைப் பின்தொடர்வது யார்? இன்னொரு சூதும் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று எழுத வைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி பதினாறு லட்சத்தை விழுங்கிவிடும். சேர்க்கும் நேரத்தில் நம்மவர் ஒருவர் பக்கத்தில் நின்று, 'வேலை செய்த இடத்தில் விழுந்தார்' என்று எழுத வைக்க வேண்டும்.

எல்லாம் பெண்கள் தலையிலா?

இப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். முதலாளியையும் சர்க்காரையும் திட்டுவது எளிது. பன்னிரண்டு தடவை புரட்டுவது யார்? மனைவி. மனைவி இல்லாவிட்டால் தாய். தாய்க்கு முடியாவிட்டால் படிக்கும் பெண். 'கட்டினவள் பார்த்துக்கொள்வாள்' என்று சொல்லிவிட்டுச் சங்கக் கூட்டத்துக்கு வந்து சமத்துவம் பேசுகிறோமே, வெட்கமாக இல்லையா?

அந்த அம்மாவுக்கு எப்படிப் புரட்ட வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அவர் அன்பில் குறை வைக்கவில்லை. தூக்கம் இல்லை, துணை இல்லை, வருமானம் இல்லை. புண் வந்தது அவர் குற்றமன்று. மறுபடி ஏணி ஏறாத நம் குற்றம்!

படுத்தவன் இனித் தேறுவானா என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். நம் வேலூரில் நடந்ததைக் கேளுங்கள். டாக்டர் மேரி வர்கீஸ் என்ற பெண்மணி 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்களை இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1966-இல் வேலூரில் முதுகுத்தண்டு அடிபட்டோருக்கு மறுவாழ்வு நிலையம் உருவாக்கினார். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார். சக்கர நாற்காலியோடு வாழ்க்கை முடிவதில்லை. அவரும் தனியாக எழுந்து நிற்கவில்லை. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

நாம் கேட்பதும் செய்வதும்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. கிராமத்துக்கு வர முடிந்தது தாராவியின் சந்துக்கு வர முடியாதா? மும்பையில் ஹாஜி அலியில் 1955 முதல் அகில இந்திய உடல் மருத்துவ மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. இருந்தும், கால் நடக்காதவன் இரும்பு ஏணி இறங்கி, டாக்சி வைத்து எத்தனை நாள் போக முடியும்? வீடு தேடி வரும் சிகிச்சை வேண்டும். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவருக்கு உதவித்தொகை வேண்டும். மாநகராட்சியிடமும் மாநில அரசிடமும் இதைக் கேட்டு மனுக் கொடுப்போம். தராவிட்டால் சக்கர நாற்காலிகளோடு வாசலில் போய் உட்காருவோம்!

அதுவரை நாம் சும்மா இருக்கலாகாது. சங்கக் குழு முன் நான்கு தீர்மானங்களை வைக்கிறோம்.

ஒன்று: சவ நிதிக்குச் சமமாக ஒரு மறுவாழ்வு நிதி. காற்று மெத்தை, சக்கர நாற்காலி, டாக்சிக் கூலி இதிலிருந்து.

இரண்டு: ஒவ்வொரு தெருவிலும் முறை போட்டு, இரவுக்கு இருவர். ஆண்களும் புரட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியை விட்டு வருமுன்பே அங்குள்ள பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக் கற்போம்.

மூன்று: விபத்து நடந்த வாரத்துக்குள் இழப்பீட்டுக்கான ஏற்பாடு. சாரத்தின் போட்டோ, கூட வேலை செய்தவர் பெயர், ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல் மூன்றும் சங்க அலுவலகத்துக்கு வர வேண்டும். ஊர் போக வேண்டிய நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் 75 சதவீதம் சலுகை உண்டு. அதற்கான சான்றையும் அட்டையையும் வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு.

நான்கு: வீட்டில் நோயாளி இருப்பதால் எந்தக் குழந்தையும் பள்ளியை விட்டு நிற்கக் கூடாது. அந்தப் பெண்ணின் பத்தாம் வகுப்புக் கட்டணத்தைச் சங்கம் கட்டியாயிற்று. அவள் மறுபடி பள்ளிக்குப் போகிறாள். தாமதமாகச் செய்தோம், ஆனாலும் செய்தோம்.

நம் தோழர் இப்போது சுவரில் சாய்ந்து உட்காருகிறார். கைகளால் ஊன்றித் தானே புரளப் பழகுகிறார். இழப்பீட்டு வழக்கு நடக்கிறது. ஞாயிறு இரவு முறைக்கு இன்னும் இரண்டு பேர் தேவை.

இறந்தவனை நான்கு பேர் தூக்குவது வழக்கம். பிழைத்தவனைத் தூக்க நான்கு பேர் வேண்டும், தோழர்களே! பெயர் கொடுங்கள்!